நாலாவது பட்டை

அந்தப் படத்தை முதலில் நான் தப்பாகத்தான் போட்டேன். எங்கள் கம்பெனி என்ன விலைக்குப் போகும் என்பதைக் காட்ட வேண்டிய படம் அது. எக்செல்லில் நான்கு பட்டைகள் வந்தன. நான்கும் இடதுபக்கக் கோட்டில் ஒட்டிக்கொண்டு பூஜ்யத்திலிருந்தே கிளம்பின. ஒன்றுமே இல்லாததிலிருந்து இரண்டு கோடி வரை எங்கள் கம்பெனிக்கு என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என் நாத்தனார், "என்னா அண்ணி, ரோடு போட்டு பாதியில விட்ட மாதிரி இருக்குது" என்றாள்.

அவள் என் கணவரின் தங்கை. என்னைவிட நான்கு வயது சின்னவள். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில், கெமிக்கல் ஆலைகளுக்கு நடுவே ஒரு வாடகை ஷெட்டில், நாங்கள் இரண்டு பேரும் பதினாறு வருஷம் ஒரு சின்னக் கம்பெனி நடத்தினோம். ஆசிட் தெறித்தாலும் தாங்குகிற ஏப்ரன், கையுறை, முழுக்கைக் கோட்டு எல்லாம் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். துணி வெட்டுவது, தையல்காரப் பெண்களை வேலை வாங்குவது, ஆலைகளுக்குப் போய் ஆர்டர் பிடிப்பது அவள் பொறுப்பு. பில், வரி, பேங்க், கம்ப்யூட்டர் என்னுடையது. அவள் வீடு மஞ்சக்குப்பத்தில். நான் தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவேன்.

புது அளவில் ஒரு கோட்டு தைத்தால் அதை முதலில் அவள்தான் போட்டுப் பார்ப்பாள். சித்திரை வெயிலிலும் தகர ஷெட்டுக்குள் கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடப்பாள். வியர்வை சொட்டும். "நமக்கே மூச்சு முட்டுதுன்னா, பாய்லர் பக்கத்துல நிக்கறவன் என்னா பண்ணுவான்?" என்று அக்குளில் இரண்டு ஓட்டை வைக்கச் சொல்வாள். அந்த ஓட்டையால் ஒரு கோட்டுக்கு எவ்வளவு செலவு கூடும் என்று நான் சொல்வேன். உடனே சண்டை வரும். பதினொரு மணி டீ வந்ததும் நின்றுவிடும். இப்படியே பதினாறு வருஷம். என் கணவரோடு பேசியதைவிட அவளோடு பேசியதுதான் ஜாஸ்தி என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

சென்னையிலிருந்து பாதுகாப்புச் சாமான் விற்கும் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கிக்கொள்ளக் கேட்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை அவள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஓசூருக்குப் போயிடலாம்னு இருக்கேன் அண்ணி. பொண்ணுக்கு ரெண்டாவது பொறந்தப்புறம் தனியா முடியல. மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட்டு. இவுரும் ரிட்டயர் ஆயிட்டாரு, அங்க போயிடலாங்கறாரு."

"சரிதான்" என்றேன். அவள் கொண்டுவந்திருந்த கத்தரிக்காய்ப் பொரியலை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதுவது பொய். சொல்லவில்லை.

விலையைக் கணக்கிட்டுத் தரும்படி சிதம்பரம் மேல வீதியில் இருக்கும் எங்கள் ஆடிட்டரைக் கேட்டோம். அவர் சொன்னார்: "இதான் விலைன்னு ஒரே நம்பரா சொல்ல முடியாதும்மா. இதுலேர்ந்து இது வரைக்கும்னுதான் சொல்லலாம். ஒவ்வொரு வழியில போட்டா ஒவ்வொண்ணு வரும்." நான்கு வழிகளில் போட்டுக் கொடுத்தார். மெஷின், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டுவது ஒன்று. வருஷ லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்குவது இன்னொன்று. இதே மாதிரிக் கம்பெனிகள் வேறு ஊர்களில் என்ன விலைக்குப் போயின என்று பார்ப்பது மூன்றாவது. இனிமேல் ஐந்து வருஷத்தில் வரப்போகும் வருமானத்தைக் கணித்து, இன்றைக்கு அதன் மதிப்பு என்ன என்று குறைத்துப் போடுவது நான்காவது. இந்த நான்காவதற்கு வேண்டிய எண்களை மட்டும் நான் நிரப்பித் தர வேண்டும் என்றார். எங்கள் ஆர்டர்கள் எனக்குத்தானே தெரியும்.

ஆறு பக்கத்தில் வந்த அறிக்கையை நாத்தனார் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே தள்ளினாள். "எனக்கு இதெல்லாம் ஏறாது. படமா போட்டுக் காட்டுங்க."

அப்படித்தான் அந்தப் பட்டைகளில் இறங்கினேன். ஒரு வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். குறைந்த விலையை ஒரு பத்தியில் போட வேண்டும். கூடின விலையிலிருந்து அதைக் கழித்து வரும் வித்தியாசத்தைப் பக்கத்துப் பத்தியில் போட வேண்டும். இரண்டையும் ஒன்றையடுத்து ஒன்று ஒட்டிய பட்டைகளாக வரைந்துவிட்டு, முதல் துண்டின் நிறத்தை எடுத்துவிட்டால் போதும். மீதிப் பட்டைகள் இடதுபக்கக் கோட்டை விட்டு விலகி, தத்தம் விலையில் போய் மிதந்து நிற்கும். முதல் தடவை நிறத்தை எடுக்க மறந்ததுதான் அந்தப் பாதி ரோடு. சரிசெய்ததும் நாத்தனார் முறுக்குக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"இப்ப புரியுது. இது நம்ம மெஷினு. ரொம்பக் கம்மியா இருக்குது. இது லாபம். இது மத்தவங்க வித்த வெல." விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவள் கடைசியில் நிறுத்தினாள். "இந்த நாலாவது மட்டும் ஏன் இவ்ளோ நீளம்?"

"அது இனிமே வரப்போறது. அஞ்சு வருஷத்துக்கு."

"எப்படிப் போட்டீங்க?"

"போன அஞ்சு வருஷம் ஆர்டர் எப்படி ஏறிச்சோ, அதே மாதிரி."

அவள் விரலை அந்தப் பட்டையின் நுனி வரை ஓட்டினாள். ஷெட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மெல்லச் சொன்னாள்: "அண்ணி, அந்த ஆர்டரெல்லாம் நான் போய்ப் புடிச்சது. அதுல நான் இருக்க மாட்டேனே."

அந்த எண்களை நிரப்பும்போது நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. போன வருஷங்கள் எப்படியோ, வரும் வருஷங்களும் அப்படியே என்று போட்டேன். அவள் ஓசூரில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே என் விரல்கள் அவளை இங்கேயே வைத்துக் கணக்குப் போட்டிருக்கின்றன. ஐந்து வருஷமும் அவள் ஆலை ஆலையாகப் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டு வருகிறாள், நான் பில் போடுகிறேன்.

"மாத்திப் போடுங்க" என்றாள்.

வளர்ச்சி என்று எழுதியிருந்த கட்டத்தில் எண்ணை அழித்துவிட்டுச் சிறியதாக ஒன்றைத் தட்டினேன். நாலாவது பட்டை என் கண் முன்னாலேயே சுருங்கியது. நீளமானது குறைந்ததும் கீழே இருக்கிற அளவுகோல் தானாக மாறிக்கொண்டது. அதனால் மற்ற மூன்று பட்டைகளும் பெரிதாகத் தெரிந்தன.

"பாருங்க, மத்ததெல்லாம் வளந்துடுச்சு" என்று சிரித்தாள் அவள்.

"வளரல. ஸ்கேல்தான் மாறிடுச்சு" என்றேன். அவள் டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போவது போல எழுந்து போய்விட்டாள். நான் அளவுகோலைப் பழையபடி இரண்டு கோடியில் நிறுத்தி வைத்தேன். நாலாவது பட்டை இருந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளை தெரிந்தது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்தேன்.

சென்னைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெட்டு மேஜையின் மேலேயே லேப்டாப்பைத் திறந்தார்கள். அவர்களும் அதே மாதிரி மிதக்கும் பட்டைகள்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் எல்லாம் எங்களுடையதைவிட இடதுபக்கம், விலை குறைவான பக்கம், தள்ளி நின்றன. நடுவே சிவப்பாக ஒரு கோடு, அவர்கள் தருவதாகச் சொன்ன விலை. நாத்தனார் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க அண்ணி போட்டதுதாங்க சரி" என்றாள். "ஷெட்டுல எத்தன மெஷின் ஓடுதுன்னு நீங்க இப்பத்தான் எண்ணறீங்க."

வந்தவர்களில் பெரியவர் சிரித்துவிட்டார். விலை பேசி முடிக்க மூன்று வாரம் ஆனது. கடைசியில் எங்கள் இரண்டாவது பட்டையும் மூன்றாவது பட்டையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடத்தில் போய் நின்றது. விலையைவிட ஒரு விஷயத்தில்தான் நாத்தனார் பிடிவாதமாக இருந்தாள். தைக்கிற பெண்கள் யாரையும் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தக் கூடாது என்றாள். அவர்கள் ஒரு வருஷம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குமேல் அவளால் இழுக்க முடியவில்லை. அன்றைக்கு மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

நான் இன்னும் எட்டு மாதம் புது முதலாளிகளிடம் அங்கேயே வேலை பார்த்தேன். எதிரே இருந்த அவள் நாற்காலியில் ஒரு பிரிண்டரை வைத்தார்கள். கோட்டில் அந்த இரண்டு ஓட்டைகளை நிறுத்திவிட்டார்கள். என் பழைய கணக்கையே அவர்கள் எனக்குக் காட்டினார்கள், ஒரு கோட்டுக்கு இவ்வளவு மிச்சம் என்று. எதிர்த்துப் பேச எனக்கு அவள் வார்த்தைகள்தான் வந்தன. சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. "நோட் பண்ணிக்கறோம் மேடம்" என்றார்கள். அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வருஷம் முடிந்ததும் ஷெட்டைக் காலி செய்து வேலையைச் சென்னைப் பக்கம் கொண்டுபோனார்கள். தைத்த பெண்களில் ஆறு பேர் பண்ருட்டி முந்திரிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருப்பதாகக் கேள்வி.

இப்போது ஆடிட்டர் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் படங்களைப் போட்டுக் கொடுக்கிறேன். பண்ருட்டியிலிருந்து பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பி வந்தார்கள். குமராட்சிப் பக்கத்திலிருந்து ரைஸ் மில்காரர் ஒருவர் வந்தார். மெஷினையும் லாபத்தையும் பிறகுதான் கேட்பேன். முதலில், "விக்கலைன்னா யார் யார் இருந்து நடத்துவீங்க?" என்று கேட்பேன். அந்த அண்ணனும் தம்பியும் அதைக் கேட்டதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வேலை இருந்தால் கடலூருக்குப் போகிறேன். செம்மங்குப்பம் நெருங்கும்போது பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறேன், இறங்கப்போகிறவள் போல. வண்டி அங்கே நின்று கிளம்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோ காலில் வருவாள். எப்போதும் இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் இன்னொன்று. "பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு" என்று ஒன்றைத் திரைக்கு முன்னால் பிடிப்பாள். பெரியம்மா இல்லை, அத்தைப் பாட்டியா, என்ன முறை என்று இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியாது. அதைப் பேசியே நேரம் போய்விடும். பேச நினைத்தது வேறு ஏதோ என்று போனை வைத்த பிறகுதான் தோன்றும்.

போன மார்கழியில் சிதம்பரம் கோயில் தரிசனத்துக்கு அவள் மட்டும் தனியாக வந்தாள். மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தாள். கீழ வீதியில் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தேர் அசைந்து வரும்போது அவள் கும்பிட்டாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடி நிறைய நரைத்திருந்தது. கண்ணாடி மாற்றியிருந்தாள்.

மறுநாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்: "அங்க எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க அண்ணி. கொறையே இல்ல. ஆனா என்னைத் திட்டறதுக்குத்தான் ஆளில்ல. நான் எது சொன்னாலும் சரிம்மா, சரிம்மாங்கறாங்க."

அவ்வளவு நாள் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன். "நான் அன்னிக்கே போவாதேன்னு சொல்லியிருந்தா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சும்மா ஒரு வார்த்தைக்காகப் பதில் சொல்கிறவள் இல்லை அவள்.

"போயிருப்பேன் அண்ணி" என்றாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்."

வெங்காயத்தால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். அதனால் யாரும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளை ஏற்றிவிடக் கடலூர் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். பெங்களூர் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. "போயிட்டு போன் பண்றேன். நீங்க வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டிருந்தார். அவளுக்குக் கேட்டது. தலையை வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். வண்டி வளைவில் திரும்பும்வரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சிதம்பரம் வண்டி ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவதில் ஏறினேன்.