அப்பாவின் சடுகுடுவும் கம்பெனி வீடும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்தவள் என்பதால் அவரைப் பற்றி எழுதும்படி தம்பிகள் என்னிடம் சொன்னார்கள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலருக்கு அவர் நல்லூர் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், வலது காலை இழுத்து இழுத்து நடப்பவர். அவர் ஒரு காலத்தில் பேர் போன சடுகுடு ஆட்டக்காரர் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. அவராகவும் சொல்லமாட்டார்.

அப்பா பிறந்தது மூலனூருக்குத் தெற்கே ஒரு மேட்டுக்காட்டில். மழை தொடர்ந்து பொய்த்ததால் குடும்பம் திருப்பூருக்கு வந்தது. பனியன் கம்பெனி ஒன்றில் அப்பா மூட்டை சுமந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நொய்யல் மணலில் சடுகுடு ஆடினார். குனிந்த வாக்கில் பாடிக்கொண்டு போவார். எதிராளியின் குதிகாலைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிய பிறகுதான், யார் அவுட் என்று கூட்டத்துக்கே தெரியுமாம். அதை ஒருநாள் கம்பெனி முதலாளி நின்று பார்த்தார். அடுத்த வாரமே அப்பாவுக்குக் கட்டிங் பிரிவில் வேலையும், கம்பெனி கட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றும் கிடைத்தன. அப்போது தாத்தா பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரண்டு அத்தைகளுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்த வீடு கிடைத்தது பெரிய காரியம். அம்மா கல்யாணமாகி வந்ததும் நாங்கள் பிறந்ததும் அங்கேதான்.

கரூர், ஈரோடு, தாராபுரம் என்று அப்பா ஆடி வாங்கிய கோப்பைகள் முதலாளியின் அறைக் கண்ணாடி அலமாரியை நிறைத்தன. ஆட்டம் நெருங்கும் நாட்களில் பாலும் முட்டையும் வீடு தேடி வரும். கொண்டு வருபவர், அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்று, காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டுதான் போவார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தின்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பின்னாளில் அப்பா சொன்னார். "மாட்டுக்குத் தீனி போடற மாதிரிதான் கண்ணு எனக்குப் போட்டாங்க" என்றார்.

கோவையில் ஒரு பெரிய மில் அப்பாவைத் தன் அணிக்குக் கூப்பிட்டது. நிரந்தர வேலை. ஆனால் குடியிருக்க இடம் தரமாட்டார்கள். அப்பா முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி கோபப்படவே இல்லை. உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

"தாராளமாப் போங்க. ஊட்டை மட்டும் காலி பண்ணிக் குடுத்துருங்க. அடுத்து வர்ற ஆட்டக்காரனுக்கு வேணுமில்லீங்களா?"

அப்பா வீட்டுக்கு வந்தார். படுக்கையில் கிடந்த தாத்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லுக்கு வரமுடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

மறு வருஷம் கரூர் ஆட்டத்தில் இரண்டு பேர் அவர் காலைப் பிடித்துத் திருகியதில் முட்டி பிசகியது. மாதக்கணக்கில் களத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதலாளியே வீட்டுக்கு வந்தார். தாத்தாவை நலம் விசாரித்தார், சுவரையும் கூரையையும் பார்த்தார், ஓடு மாற்றித் தருவதாகச் சொன்னார். போகும்போது, ஈரோட்டு ஆட்டத்துக்கு அப்பா சும்மா களத்தில் நின்றால் போதும் என்றார். வீட்டைப் பற்றி மிரட்டலாக ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை. அப்பா முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார். கோப்பையும் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. அம்மா இரவெல்லாம் மூலிகைப் பத்து அரைத்துப் போட்டும் பயனில்லை.

ஆடமுடியாதவரை முதலாளி கைவிடவில்லை. கட்டிங் மேஜை வேலையோடு, கிராமங்களில் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பையும் கொடுத்தார். அப்பா தட்டமுடியாமல் செய்தார். நொண்டிக்கொண்டே ஊர் ஊராகப் போய், தன்னைப் போன்றவர்களைக் கூட்டி வந்தார். தாத்தா காலமானார், அத்தைகள் கல்யாணமாகிப் போனார்கள். ஆனால் அதற்குள் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் இருந்தோம்.

அப்படிக் கூட்டி வந்த ஒருவருக்கு எங்கள் பக்கத்து வீட்டைக் கொடுத்திருந்தார்கள். அவர் மனைவி மாசமாக இருந்தார். அந்த ஆட்டக்காரருக்கும் கோவை மில்லிலிருந்து அழைப்பு வந்தது. பேசி நிறுத்தி வைக்கும்படி முதலாளி அப்பாவைத்தான் அனுப்பினார். அப்பா போய் அதை மறைக்காமலே சொல்லியிருக்கிறார்.

"உங்களை நிறுத்தச் சொல்லித்தான் என்னை அனுப்பிச்சாங்க."

"நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"காத்தால வண்டிக்குக் கெளம்புங்க. நானே வந்து ஏத்தி உடறேன்."

சொன்னபடியே அவர்களின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

திரும்பி வந்து சொன்னதும் அம்மா தாங்கமாட்டாமல் பேசினார். வயசுக்கு வந்த பிள்ளையை எந்தத் தெருவில் படுக்க வைப்பது என்று கேட்டார். சில நாட்கள் அவர்களுக்குள் பேச்சே இல்லை. வாரக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

அப்பாவின் வேலையும் அதோடு போனது. நல்லூரில் ஒரே அறைக்கு மாறினோம். நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, அங்கே ஒரு பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனேன். போக மனமில்லாமல் அழுதேன். அப்பா தினமும் காலையில் என் கூடவே, அந்தக் காலோடு, கம்பெனி வாசல் வரை நடந்து வருவார். பிறகு அங்கேயே அவருக்கும் கட்டிங் வேலை கிடைத்தது. சொந்த வீடு என்று ஒன்று கடைசிவரை அமையவில்லை. வாடகை அறைகளிலேயே நாங்கள் வளர்ந்தோம். கோவைக்குப் போனவர் அங்கேயே நிலைத்துவிட்டதாகக் கேள்வி. எங்களைத் தேடி வந்ததில்லை. அப்பா அதை ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை.

மஞ்சள் காமாலையில் அப்பா படுத்தபோது ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்து காவலிருந்த கட்டிங் பிரிவினருக்கும், அன்று சாமானோடு தெருவில் நின்ற எங்களுக்கு அறையைத் திறந்துவிட்ட நல்லூர் பாய்க்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும். அப்பாவின் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா இதை எங்களிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கோவைக்குப் போன அந்த வாரம் முதலாளி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினாராம். அப்பா கோவைக்குப் போய் அந்த ஆட்டக்காரரைத் திருப்பிக் கூட்டி வந்தால் போதும், வீடு எப்போதும் உங்களுக்குத்தான் என்றாராம். அப்பாவோடு பேசாமல் இருந்த நாட்கள் அவை. அப்பாவிடம் கேட்காமலேயே அம்மா பதில் சொல்லியிருக்கிறார்.

"வேண்டாமுங்க. அந்த முட்டிக்குப் பத்து அரைச்சவ நானு. இன்னொருத்தி அரைக்க வேண்டாமுங்க."

வீட்டுக்கு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், சாமான் கட்ட ஆரம்பித்தாராம்.