புதன்கிழமைக் கறை

“தாயி, உன் பேப்பர்ல கறை இருந்துச்சு. எடுத்துட்டேன்” என்றாள் ராமுத்தாய். கையில் கறை நீக்கும் ஸ்பிரே துப்பாக்கி. மேசைமேல் கீதாஞ்சலியின் வட்டத் தாள் நனைந்து கிடந்தது.

“அக்கா, என்னங்க பண்ணீட்டீங்க? அந்தக் கருப்பைத்தானுங்க நாங்க எடை போடறோம்!”

“அழுக்கை எடை போடுறதுக்கா உனக்குச் சம்பளம்?”

“ஆமாங்க. காத்துல இருக்கற நுண்தூசிய மிசின் இழுத்து இந்தத் தாள்ல புடிச்சு வைக்கும். அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிக்கோணுமுங்க.”

“வெள்ளையில கறையப் பாத்தா என் கை சும்மா இருக்காதுத்தா. இரு, மறுபக்கமும் அடிச்சுத் தாரேன்.”

“ஐயோ, வேண்டாங்க!”

ராமுத்தாய் தாளை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “கறை போயிருச்சு. ஆனா ஹோல் விழுந்துருச்சு. ரிஜெக்ட்தான்.”

வேலையைத் தவிர வேறெதையும் யாரிடமும் பேசாத கீதாஞ்சலிக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே, ‘தாள் கெட்டது, கறை நீக்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டாள்.

அது 2008. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடியில், கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று ஆய்வுக்காக அந்த மிசினை வைத்திருந்தது. ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வந்து, தினமும் காலையில் தாள் மாற்றுவதும் பகல் முழுக்க மிசினைப் பார்த்துக்கொள்வதும் கீதாஞ்சலியின் வேலை. இறங்கி வரும் வழியில் செக்கிங் ஹாலில் தண்ணீர் குடிப்பாள். அன்று அவள் தண்ணீர் குடித்த நேரத்தில்தான் தாளுக்கு அந்தக் கதி.

ராமுத்தாய் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கணவனோடும் கைக்குழந்தையோடும் திருப்பூர் வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. கைமடி என்கிற உதவியாளாகச் சேர்ந்து, டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, கடைசியில் செக்கிங் மேசைக்கு வந்தாள். எண்ணெய்க் கறை, துருக் கறை, சாயக் கறை எல்லாம் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கல்யாண வீட்டில் மணமகளின் முகத்துக்கு முன்னால் முந்தானையில் இருக்கும் இழை விட்ட இடம்தான் அவள் கண்ணில் படும். கோயிலில் பூசாரியை நிறுத்தி, “சாமி, வேட்டியில தீபம் பட்ட பொத்தல் இருக்கு” என்று சொன்னவள்.

அப்படிப்பட்டவள் தலைமையில் இருந்த மேசைக்குத்தான் கெட்ட பெயர் வந்திருந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய வெள்ளை டீ-சர்ட்களில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளிகள். சூப்பர்வைசர் லிங்கசாமிக்குக் கோபத்திலும் மரியாதை குறையாது.

“ஏனுங்கம்மா, கையக் கழுவீட்டு வாங்கன்னு எத்தன தடவைங்க சொல்றது?”

“சார், சோப்பும் தேஞ்சு போச்சு, கைரேகையும் தேஞ்சு போச்சு. இன்னும் என்னத்தக் கழுவ?”

“இன்னொரு லாட் இப்படி வந்துச்சுன்னா, உங்க மேசை ஆறு பேரும் வேலைய விட்டு நின்னுக்கோங்க. என்னையத் தப்பா நெனைக்காதீங்க.”

அன்று மதியம் ராமுத்தாய் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். “உன் பேப்பர் எந்த நாள்ல ரொம்பக் கருக்குது, சொல்லு.”

கீதாஞ்சலி குறிப்பேட்டைப் புரட்டினாள். “புதன்கிழமைங்க.”

ராமுத்தாய் மடியிலிருந்து ஒரு கட்டைப் பிரித்தாள். கழித்த பீஸ்களின் தேதிச் சீட்டுகள். பெரும்பாலும் புதன்தான். மின்வெட்டுக் காலம் அது. புதனன்று கம்பெனியில் நாள் முழுக்க ஜெனரேட்டர்தான் ஓடும்.

“அதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாதுங்க” என்றாள் கீதாஞ்சலி. “பாய்லர் விறகுப் புகை, வெட்டுத்துணி எரிக்கற புகை, ரோட்டுத் தூசி எல்லாம் இந்தக் கருப்புக்குள்ள இருக்கும். லேப்ல பிரிச்சுச் சொல்ல மூணு மாசமாகும்.”

“மூணு மாசத்துல நான் அருப்புக்கோட்டையில உக்காந்திருப்பேன்.”

அடுத்த புதன் காலை, செக்கிங் ஹாலின் நான்கு ஜன்னல்களிலும் ஈரம் பிழிந்த புது வெள்ளைத் துணியை ராமுத்தாய் கட்டினாள். கரண்ட் இருக்கும் வியாழனன்றும் அதேபோலக் கட்டிப் பார்க்கச் சொன்னது கீதாஞ்சலி. வியாழன் துணிகள் நாலும் கொஞ்சம் மங்கியதோடு சரி. புதன் துணிகளில் மூன்று அப்படியே. பின்ஜன்னல் துணி மட்டும் புள்ளிப் புள்ளியாகக் கருத்திருந்தது.

இருவரும் அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். நேர்கீழே ஜெனரேட்டரின் புகைக்குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முன்பு அது வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. முதலாளியின் புது வெள்ளைக் காரில் கரி படிகிறது என்று, ஒரு மாதத்துக்கு முன் அதைப் பின்பக்கம் திருப்பிவிட்டவர் லிங்கசாமியேதான்.

ராமுத்தாய் அந்தத் துணியைக் கொண்டுபோய் அவர் மேசையில் விரித்தாள். “சார், கார் வெள்ளைதான். ஆனா நாம காரையா எக்ஸ்போர்ட் பண்றோம்?”

லிங்கசாமி துணியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். “வெல்டரைக் கூப்புடறனுங்கம்மா. மேசைக்காரங்ககிட்ட நான் சொன்னதை மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லீருங்க.”

குழாய் மாடிக்கு மேல் இரண்டு ஆள் உயரம் ஏறியது. அடுத்த புதன் கழித்த பீஸ்கள் ஒரு கைக்குள் அடங்கின. ஆறு பேரும் அதே மேசையில் இருந்தார்கள்.

ஆய்வு முடிந்து மிசினைக் கழற்றிய நாளில், ராமுத்தாய் படியிறங்கும் கீதாஞ்சலியை நிறுத்தினாள்.

“தாயி, நீ ரிப்போர்ட்டு எழுதுவேல்ல? துணி கட்டிப் புகையக் கண்டுபிடிச்ச எடத்துல என் பேரைப் போடு. பேப்பர்ல ஸ்பிரே அடிச்ச எடத்துல மட்டும் லிங்கசாமின்னு போட்டுரு.”