சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்த கிறிஸ்துமஸ்

பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் கம்பளியில் பின்னிய குட்டிக் காலுறை ஒன்று தொங்கியது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எண்பது வயதுக்காரன் இன்னொருவர் வீட்டு மரத்தை முகர்ந்தால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். பாச்சை உருண்டை வாசனை. அந்த வாசனைக்கு எனக்குத் தகரப் பெட்டியில் கிடந்த ஒரு ஸ்வெட்டர்தான் ஞாபகம் வரும். ஸ்வெட்டர் என்றால் தூத்துக்குடி.

யுத்த காலம். ஒரு நாளிதழுக்கு அங்கே நிருபராக இருந்தேன். கப்பல் வந்ததையும் போனதையும் எழுதத் தடை. துறைமுக ஊரில் கப்பலை விட்டுவிட்டு எதை எழுதுவது? மழை, உப்பு, கொடியேற்றம் என்று எழுதித் தள்ளினேன். ஊருக்கு மட்டும் என்மேல் அபார நம்பிக்கை. அச்சில் வராத சேதியெல்லாம் என் சட்டைப்பையில் இருப்பதாக நினைத்தார்கள்.

நான் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே ரெஜினா அக்கா வீடு. அவருடைய கணவர் தோணித் தண்டல். தோணியை நடத்திச் செல்பவர். கொழும்பில் ஏதோ கப்பல்காரர் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டரை, வியர்வை வழிய வழியப் போட்டுக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போவார். யாராவது சிரித்தால், "குளிருதுல்லா, என்ன செய்ய?" என்பார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் கொழும்புக்குப் போன அவர் தோணி திரும்பவில்லை. புயல் என்றார்கள், நீர்மூழ்கி என்றார்கள். அக்கா ஓரிடத்தில் உட்காரமாட்டார். உலையை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போவார், பாதியில் திரும்புவார், மறுபடி போவார். என் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலில் நிற்பார்.

"பேப்பர்காரத் தம்பி, சேதி ஏதும் உண்டா?"

"ஒண்ணும் இல்லக்கா."

என்னாலும் அறையில் இருக்க முடியவில்லை. ஏஜெண்ட் ஆபீஸ், சுங்க ஆபீஸ், தந்தி ஆபீஸ் என்று காரணமில்லாமல் சுற்றினேன்.

டிசம்பர் பிறந்தது. சவுக்குக் கிளையை நட்டு, வீட்டிலுள்ளவர்களுக்கு ஆளுக்கொரு பொம்மை பின்னித் தொங்கவிடுவது அந்த வீட்டு வழக்கம். துக்க வீட்டில் மரம் கிடையாது. மரம் வைத்தால் தண்டல் உயிரோடு இருக்கிறார், வைக்காவிட்டால் இல்லை. அந்த வீட்டிலேயே இருந்த தண்டலின் அக்கா சூசையம்மாள் முடிவைச் சொல்லிவிட்டார்.

"மரம் வேண்டாம்ளா. தம்பிக்கு ஆத்தும பூசை வைப்போம்."

"பூசை வச்சா நானே அவரைக் குழியில இறக்குன மாதிரி மதினி. மாட்டேன்."

கடைத்தெருவில் நூல் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா, தேய்த்துக் கூராக்கிய இரண்டு குடைக்கம்பிகளோடு உட்கார்ந்திருந்தார். மடியில், தண்டல் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்த அந்த ஸ்வெட்டர். அதன் ஒரு கை இல்லை. பிரித்த கம்பளி சேமியா மாதிரி நெளிநெளியாகத் தரையில் கிடந்தது.

உள்ளே வந்த சூசையம்மாள் அலறினார். "ஏளா, என்ன காரியம் செய்யுத! தம்பி வந்தா எதைப் போடுவான்?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே உறைத்தது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "வருவாருன்னு நீங்களே சொல்லிட்டிய."

 சூசையம்மாள் தரையில் அமர்ந்து, கம்பளியின் நுனியைத் தேடி எடுத்து உருண்டையாகச் சுற்றத் தொடங்கினார். "இழுக்காதளா, அத்துரும்."

மரம் நின்றது. மதினிக்கு மீன், அக்காவுக்கு மணி, மாடிக்காரன் எனக்கும் ஒரு நட்சத்திரம். தண்டலுக்கு நங்கூரம். அது ஒரு பக்கம் கோணிக்கொண்டு தூண்டில் முள் போல இருந்தது. "இந்த நங்கூரத்தப் போட்டா தோணி திரும்பவும் கொழும்புக்கே ஓடிரும்" என்றார் சூசையம்மாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா உடனே எழுந்து கடற்கரைக்குப் போனார்.

தண்டல் வரவில்லை. அடுத்த டிசம்பருக்குள் ரெஜினா அக்கா கறுப்புச் சேலைக்கு மாறியிருந்தார். ஆத்தும பூசைக்குக் கோயிலில் சொல்லிவைத்ததும் அவர்தான். சூசையம்மாள் பூசைக்குப் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கிளையை இழுத்து வந்து நட்டுவிட்டு, ஸ்வெட்டரின் இன்னொரு கையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எனக்கு மாற்றல் வந்தது. பல வருடம் கழித்துப் போனபோது வீடு இருந்த இடத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி. தம்பி தோணியின் பாயில் எந்த மூலையில் ஒட்டுத் தையல் என்பது சூசையம்மாளுக்குத் தெரியும். அதைத் தேடிக்கொண்டுதான் கடைசிவரை கரையில் நின்றார் என்றார்கள். நானும் கரைவரை நடந்தேன். எல்லாத் தோணியிலும் இயந்திரம். பாய் எதிலும் இல்லை.