நீலம் ஏறாத செல்கள்

ஆய்வகத்தில் செல் வளர்ப்பவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பத்து வருடமாக இதே வேலை. அழற்சியைத் தூண்டும் பொருளால் சீண்டப்பட்ட செல்லுக்குள் அதற்கான சேதி ஓடினால் அது ஒளிரும்படி மாற்றி வைத்திருந்தார்கள். இஞ்சியிலிருந்து பிரித்த பொருளைச் சேர்த்த தட்டில் இன்று ஒளி அடங்கியிருந்தது.

"சேதிய வழியிலேயே மறிச்சிடுச்சுக்கா," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "இனிப்பு எங்க?"

"இரும்மா. செத்துப்போனாலும் ஒளிராது."

போன வருடம் மருந்து அதிகமாகிச் செல்களெல்லாம் செத்துக் கிடந்தன. அது தெரியாமல் அக்கா இனிப்பு கொடுத்துவிட்டாள். அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை.

நீலச் சாயத்தைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தாள். செத்த செல்லில்தான் நீலம் ஏறும். நூறு செல்களை எண்ணினாள். நீலமானவை மூன்றே மூன்று.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பினாள்.

"உயிரோடதான் இருக்கு. சும்மா அமைதியாயிடுச்சு."

"அப்ப இனிப்பு?"

"இந்தத் தடவ நீ வாங்கு."