தேவராஜனுக்குப் பிடிக்காத வாக்கியம்

தேவராஜன் இறந்த செய்தி எனக்கு மந்தைவெளிச் சுவர் ஒன்றில்தான் கிடைத்தது. காலையில் பால் வாங்கப் போயிருந்தேன். பசை ஈரம்கூடக் காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றிருந்தது. அழுகை வருவதற்கு முன்பே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைக் கிழித்தேன்.

ஒட்டிக்கொண்டிருந்தவன் அவனுடைய மைத்துனன் மணி. என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். “இன்னா சார், சாவுக்கு ஒட்ன போஸ்டர கிழிச்சிகினு கீற? பெரிய மனுசனாச்சேன்னு பாக்கறேன்.” நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் திருப்பி அடித்ததில் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அறுபத்தாறு வயதில் நடுத்தெருவில் அடிதடி. தேவராஜன் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பான்.

எங்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அடையாறில் ஒரே கல்லூரியில், ஒரே தத்துவத் துறையில் இருபத்தெட்டு வருடம் சண்டை போட்டவர்கள் நாங்கள். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவன். கடவுளைப் பற்றிய வாக்கியங்களுக்கு அர்த்தமே கிடையாது என்பது அவன் கட்சி. “பொய்யின்னு நான் சொல்லலையே. பொய்யா இருக்கறதுக்கும் முதல்ல அர்த்தம்னு ஒண்ணு வேணும்யா” என்பான். ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எங்கே பார்த்தாலும் பல்லைக் கடிப்பான். “அந்த அடி எங்க இருக்கு? ஒருத்தர் போய்ச் சேரலைன்னா எப்படிய்யா தெரியும்?” என்று அவன் கேட்டது, என் அப்பாவின் காரியம் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய அன்று. கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை டீயோடு அவன்மேல் வீசினேன். புருவத்துக்கு மேல் நாலு தையல். “ஒரு வாக்கியம் இடிச்சிடுச்சு டாக்டர்” என்றானாம்.

அதே ஆள்தான் பின்னொரு நாள், “நான் செத்தா அந்த வரிய எனக்குப் போட விட்டுடாத. போட்டா கிழிச்சிடு. உன்னைத்தான் நம்பறேன்” என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினான். “சத்தியத்துக்கு மட்டும் அர்த்தம் இருக்கா?” என்றேன். “காப்பாத்தினா இருக்கு” என்றான்.

மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் நாங்கள் எதிரெதிராகப் பேசிய கூட்டத்தில், பின்வரிசையிலிருந்து நாலு பேர் மேடையேறி அவனை அடித்தார்கள். குறுக்கே விழுந்ததில் எனக்கு விலா எலும்பு விரிசல். பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் இறங்கியபோது அவன் “ஐயோ கடவுளே” என்று கத்தியதை நான் காதாரக் கேட்டேன். ஆட்டோவில் அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, “கத்தினியே, அதுக்கு என்னய்யா அர்த்தம்?” என்றேன்.

“அது வாக்கியம் இல்ல. வலி.”

“அதைத்தான்யா நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்.”

அவன் என் கைக்குட்டையைப் பிடுங்கித் தானே துடைத்துக்கொண்டான். எங்கள் சண்டையில் நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான்.

உடைந்த கண்ணாடியோடு அடுத்த தெருவிலிருந்த அவன் வீட்டுக்குள் நுழைந்தேன். மணி எனக்கு முன்பே போய்ச் சொல்லியிருந்தான். தேவராஜனின் மனைவி கோமதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தாண்ணா அப்படிப் போடச் சொன்னேன். அவருக்குப் பிடிக்காதுன்னு தெரியும். செத்துட்டார்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேற எப்படிண்ணா சொல்லுவேன்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் அவனை மடக்கிய அதே விஷயம்தான் அந்தச் சுவரில் இருந்தது: வாக்கியம் இல்லை, வலி. அதைக் கிழித்தவன் அவனல்ல, திருநீறு பூசுகிற நான்.

மணியிடமிருந்து பசை வாளியை வாங்கினேன். அவன் பிடித்துக்கொள்ள, அதே இடத்தில் புதுப் போஸ்டரை நானே ஒட்டினேன். பிறகு பெசன்ட் நகர் மயானத்துக்குப் போனோம். தேவராஜனின் புருவத்துத் தழும்பும் அங்கே எரிந்துபோனது.

அவன் நினைவாக என்னிடம் இருப்பவை இரண்டு. அன்று நான் அவன்மேல் வீசியதில் விளிம்பு நசுங்கிய டம்ளர். இன்றும் அதில்தான் டீ குடிக்கிறேன். மற்றது, அவனுக்குக் கையடித்துக் கொடுத்து, நான் காப்பாற்றாத சத்தியம்.