பார்க்கலாமுங்க

மிஸ்ஸுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதனால் அவருடைய தமிழில் இருந்த தப்புகளுக்கும் நானே பொறுப்பு. அதில் ஒன்றை மட்டும் தெரிந்தே திருத்தாமல் விட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஏற்காட்டில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். மிஸ் அங்கே பெரிய பிள்ளைகளுக்குப் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தார். கடல் கடந்து மிஷன் வேலைக்கு வந்தவர். ஆரம்பத்தில் யாரோ அவருக்கு இலக்கணத் தமிழைக் கற்பித்துவிட்டார்கள். இருபது வருஷம் ஆகியும் யாரும் திருத்தாததால், கடைத்தெருவுக்குப் போய் "வாழைக்கனி உளதா?" என்று கேட்பார். வாரத்தில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அவரை மனிதர் பேசும் தமிழுக்கு இறக்கிக் கொண்டுவந்தேன். சேலத்துக்காரி சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? எதற்கெடுத்தாலும் 'ங்க'. பள்ளிக்கூடத்து நாயைக்கூட "இங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பதிலுக்கு அவர் என் ஆங்கிலத்தைத் திருத்தினார். பத்து வருஷம் திருத்தினார். நல்லதுக்குத்தான், அதனால்தான் எனக்குப் பெரிய வகுப்புகள் கிடைத்தன. இருந்தாலும் அவர் எதிரில் வாயைத் திறக்கும்போதெல்லாம் மண்டைக்குள் ஒரு சிவப்பு மைப் பேனா ஓடிக்கொண்டே இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு வேறு காரணம் கிடையாது.

எண்பதுகளின் முடிவில் மிஸ்ஸுக்கு அறுபது வயது ஆனது. வேலையிலிருந்து ஓய்வு, அதோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். சொந்த நாட்டில் அவருக்கு ஒரே ஒரு அக்கா. 'வருகிறாயா, இல்லை உனக்கு வைத்திருக்கும் அறையை வேறு யாருக்காவது விடட்டுமா' என்று அந்த அம்மா கேட்டு எழுதியிருந்தார்.

ஒரு நாள் பாடம் முடிந்ததும் மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், எனக்கு இந்த மலையை விட்டுப் போக மனசில்லைங்க. உங்க ஊட்டுல பின்னாடி ஒரு ரூம் சும்மா இருக்குதுங்களே. நான் அங்க இருந்துக்கலாமுங்களா?"

எங்கள் வீடு நாகலூர் ரோட்டில். பின்னறையில் மிளகு மூட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை.

"பார்க்கலாமுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். மூஞ்சிக்கு நேரே முடியாது என்பது மரியாதையில்லை. கேட்டவரும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் மிஸ்ஸின் தமிழ்ப் பாட நோட்டில் அந்த வார்த்தைக்கு 'பார்த்துச் செய்யலாம்' என்று பொருள் எழுதிக் கொடுத்தவளே நான்தானே. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நொம்ப நன்றிங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை டேப்பும் கையுமாக வீட்டுக்கு வந்து நின்றார். பின்னறை ஜன்னலுக்குத் திரை தைக்கப் போகிறாராம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த என் கணவர், டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். மிஸ் போனதும் என்னிடம், "பாவம், தனியாளு. இருந்துட்டுப் போகட்டும் புள்ள. மூட்டையெல்லாம் நான் பரண்ல ஏத்திக்கறேன்" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் வீட்டிலாவது தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டு, தலையை அள்ளி முடிந்துகொண்டு, என் பாட்டுக்கு இருக்க வேண்டாமா? காலையில் எழுந்ததும் மிஸ் சமையலறை வாசலில் நிற்பார் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது.

மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு வாய் வந்தது. அதுவும் பொய்யாக வந்தது.

"மன்னிச்சுக்கங்க மிஸ். எங்க ஊட்டுக்காரருக்கு இஷ்டமில்லைங்க."

மிஸ், "பரவால்லைங்க. ஆனா, நான் வரலைன்னு அக்காவுக்கு லெட்டர் போட்டுட்டேனுங்க" என்றார்.

அவசரமாக மறு லெட்டர் போட்டார். அது போய்ச் சேருவதற்குள் அந்த அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கடைசியில், ஓய்வுபெற்ற மிஷன் ஆட்களுக்கான விடுதியில் இடம் கிடைத்தது. அவருடைய நாடுதான், ஆனால் அந்த ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. முப்பது வருஷம் இந்த மலையில் இருந்தவரை நான் ஒரு பொய்யால் அங்கே அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வழியனுப்ப நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பெட்டியைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு இறங்கிய என் கணவரிடம் மிஸ் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

"ஜன்னல் துணிங்க. தெச்சு முடிச்சுட்டேன். உங்களைக் கேக்காம அளவெடுக்க வந்தது என் தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

என் கணவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் போய், "ஒருக்கா வந்துட்டுப் போகோணுமுங்க மிஸ்" என்றேன்.

"பார்க்கலாமுங்க" என்றார்.

இந்த முறை அதன் அர்த்தம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நாகலூர் பஸ்ஸில் என் கணவர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஸ்டாப் நெருங்கும்போது கேட்டார்.

"ஏம்புள்ள, நானா வேண்டாம்னு சொன்னேன்?"

"ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமுங்க" என்றேன்.

அவர் எங்கள் பக்கத்து மனிதர். புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.