டிஃபரன்ஷியல் லாக் விற்றவர்

விருதுநகரில் பழைய வண்டிப் பாகங்கள் விற்ற அம்மனிதரை நான் முழுமையாக நம்பினேன். நெற்றி நிறையத் திருநீறு. எந்தப் பாகத்தின் எண்ணெயையும் விரலில் தொட்டு முகர்ந்த பின்னரே விலை சொல்வார். கரிசல் சேற்றில் சிக்கும் என் ஜீப்புக்கு, தேவையானபோது இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கை அவரிடமே வாங்கினேன்.

வண்டி சேற்றைக் கடந்தது. ஆனால், லாக்கை விடுவித்த பின்னரும் தார்ச்சாலைத் திருப்பங்களில் டயர்கள் கிறீச்சிட்டன. ஜாக்கியில் தூக்கி ஒரு சக்கரத்தைச் சுற்றினேன். லாக் விடுபட்டிருந்தால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டிய மற்றதும் அதே திசையில் சுற்றியது. பிரித்துப் பார்த்தால், உள்ளே பல்சக்கரங்கள் பிரியவே முடியாதபடி வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டிருந்தன.

"வெல்டிங் வச்சதை என் தலையில கட்டிட்டீகளே அண்ணாச்சி!" என்றேன், அவர் கடைக்கே போய்.

"பூட்டுதானே கேட்டீக? தொறக்கணும்னு சொல்லவே இல்லையே!" என்று சிரித்தவாறு அவர் தேநீர் வரவழைத்தார்.

அந்தத் தேநீரை நான் ஏன் குடித்தேன் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.